ஊர் கூடி எடுத்து, ஊர் கூடி வெட்டிய படம்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஸ்டூடியோவையும் பெரிய முதலாளிகளையும் நம்பாமல், ஊர் மக்களின் உதவியோடு தாங்களே ஒரு படம் எடுக்கப் போகிறார்களாம். பேசாப்பட காலத்திலேயே நாங்கள் அப்படி ஒன்று எடுத்தோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எப்படி எடுத்தீங்க, ஐயா?" என்று கேட்டார்கள். எனக்கு அன்று இரைப்பு அதிகம். காமிராவைப் பற்றியும் படம் கழுவும் மருந்துத் தொட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நடந்ததைச் சொல்லவில்லை. இனி யார் வந்து கேட்டாலும் மூச்சுப் பிடித்துப் பேச என்னால் ஆகாது. எழுதி வைத்துவிட்டால் படித்துக்கொள்ளட்டும்.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நானும் வாத்தியாராவேன் என்று நினைத்திருந்தார். நான் போட்டோ பிடிக்கும் கடை ஒன்றில் சேர்ந்து கண்ணாடித் தகடு கழுவக் கற்றுக்கொண்டேன். அதில் சில வருஷங்கள் போயின. பிறகு மேலப்பாளையத்து மைதீன் லெப்பையின் பயாஸ்கோப் கூடாரத்தில் சேர்ந்தேன். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் அது.

லெப்பை அடிப்படையில் தறிக்காரர். துணி விற்கக் கொழும்புக்குப் போனவர் அங்கே பயாஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, தறிகளில் பாதியை விற்றுக் கூடாரமும் மிஷினும் வாங்கினார். பாபநாசம் முதல் ஆற்றோரம் ஊர் ஊராகப் போவோம். மின்சாரம் கிடையாது. சுண்ணாம்புக் கட்டியை வாயு நெருப்பில் பழுக்க வைத்து, அந்த வெளிச்சத்தில் படத்தைத் திரையில் விழவைப்போம். எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். துரை ஒருவன் குதிரையிலிருந்து விழுவான், ரயில் வரும், பனி பெய்யும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் கம்போடு நின்று கதை சொல்லுவார். அவருக்கும் கதை தெரியாது.

எங்கே போனாலும் ஜனங்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இதுல நம்ம ஆளு எப்பம்வே வருவான்?"

லெப்பை பதில் சொல்லமாட்டார். அவர் சுபாவமே அப்படி. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. ஒரு முறைதான் சொல்லுவார், அதையும் மெதுவாகச் சொல்லுவார். அவர் சும்மா இருந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அப்படிச் சில மாதங்கள் சும்மா இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையிடமிருந்து பழைய காமிராப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்.

"ஞானமுத்து, போட்டோ பிடிக்கத் தெரியுமில்ல உமக்கு? இதுவும் போட்டோதான் வே. என்ன, கை சும்மா இருக்கப்படாது."

கைதான் எல்லாம். பெட்டியின் பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். அதை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் திரையில் ஆள் ஊர்ந்து போவான், குறைந்தால் ஓடுவான். நான் வேதக்கோயிலில் பாடுகிற கீர்த்தனை ஒன்றை மனதுக்குள் பாடிக்கொண்டே தாளத்துக்குச் சுற்றினேன். பாட்டு வாய்விட்டு வந்துவிட்டால் லெப்பை சிரிப்பார். "உம்ம சாமி நம்ம படத்தையும் சேத்துப் பாக்கட்டும். பைய சுத்தும்."

சீவலப்பேரியைத் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு ஊர். பேர் வேண்டாம். இன்று அங்கே இருப்பவர்கள் இதில் ஒன்றும் செய்தவர்கள் அல்லர். அந்த ஊரில்தான் படம் எடுத்தோம். ஊரே கை கொடுத்தது என்பதில் கொஞ்சமும் பொய் இல்லை. வயல்காரர்கள் எங்களுக்கு அரிசி அளந்தார்கள், வண்டியும் மாடும் விட்டார்கள். தச்சர் ஒருவர் மருந்து ஊற்றும் மரத்தொட்டிகளைச் செய்து கொடுத்துக் கூலி வேண்டாம் என்றார். மேலப்பாளையத்துத் தறிக்காரர்கள் வெயிலை முகத்தில் திருப்பிவிட வெள்ளைத் துணி தந்தார்கள். ஒரு விதவை அம்மாள் தன் வீட்டைக் காலி செய்து கொடுத்து தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டின் இருட்டறையில்தான் படச்சுருளைக் கழுவினேன். புழுக்கத்தில் மருந்து சூடேறினால் படத்தில் கொப்புளம் கண்டுவிடும். அதனால் ஆற்றுத் தண்ணீரை மண்பானைகளில் குளிரவைத்துத் தொட்டியைச் சுற்றி வைப்போம். ஈரத்துணியால் தரையைத் துடைத்துத் தூசி அடங்கிய பிறகு, மூங்கில் உருளையில் சுருளைச் சுற்றிக் காயவைப்போம். காய்கிறவரை யாரும் அறைக்குள் நடக்கக்கூடாது. பிரதி எடுக்கத் தனி மிஷின் இல்லை. அதே காமிராப் பெட்டிக்குள் மூலச்சுருளையும் புதுச்சுருளையும் ஒட்டி வைத்து, சன்னல் வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பிச் சுற்றினால் பிரதி விழும். அப்படி ஒரே ஒரு பிரதி எடுத்தோம். அந்த ஐப்பசி மழையின் ஈரத்தில் மூலச்சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டுப்போனது. பிறகு இருந்ததெல்லாம் அந்தப் பிரதிதான்.

கதை சின்னது. கால்வாய்த் தண்ணீரை ஒரு பண்ணையார் மடையடைத்து வைத்துக்கொள்கிறார். பயிர் காய்கிறது. விவசாயிகள் போய்க் கைகூப்பிக் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். கடைசியில் ஒரு பெண் மடையை உடைத்துவிடுகிறாள். பெண் வேடத்துக்குத் தறிக்காரர் ஒருவர் சேலை கட்டினார். விவசாயிகளாக வயல்காரர்களே ஆசையோடு வந்தார்கள். பண்ணையார் வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. கெட்டவனாக வர யாருக்கும் மனமில்லை. ஊரின் நிஜப் பண்ணையாரை யாரும் கேட்கவும் துணியவில்லை.

சுடலைமுத்து என்று ஒரு பண்ணையாள். நல்ல உயரம், அடர்ந்த மீசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச காலம் இருந்து திரும்பியவர். கங்காணி எப்படி நடப்பான், துரை எப்படிக் கத்துவான் என்று வேலை ஓய்ந்த நேரத்தில் செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். லெப்பை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நேரே பண்ணையாரிடம் போய் அனுமதி கேட்டார். பண்ணையார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நடிக்கட்டும்வே. நல்ல வேடிக்கையாத்தான் இருக்கும். என் நாக்காலியக் கொண்டு போம். குடையையும் கொண்டு போம்."

வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுச் சட்டை, தலைக்கு உருமால் எல்லாம் அணிவித்துச் சுடலைமுத்துவை உட்காரச் சொன்னோம். நுனியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சேர்ந்திருந்தன. பிடியைச் சுற்ற ஆரம்பித்த நான் நிறுத்திவிட்டேன்.

"சாஞ்சு உட்காரும், சுடலை" என்றார் லெப்பை.

"சாயுதேன், மொதலாளி." சாய்ந்தார். உடனே நிமிர்ந்துவிட்டார். எதிரே கைகூப்பி நிற்பதற்காக வயல்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களைக் கண்டதும் எழுந்தே விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"முதுகு வரமாட்டேங்கு, மொதலாளி. நானா எந்திரிக்கல, அதுவா எந்திரிக்கி."

லெப்பை கோபப்படவில்லை. வயல்காரர்களைச் சாப்பிட அனுப்பினார். எங்களையும் தள்ளிப் போகச் சொன்னார். சுடலைமுத்துவை மட்டும் அந்த நாற்காலியில் விட்டுவிட்டு, தானும் ஆற்றுப் பக்கம் போய்விட்டார். வெயில் சாயத் தொடங்கியபோது நாங்கள் திரும்பி வந்தோம். சுடலைமுத்து காலை நீட்டி, தலையைப் பின்னால் போட்டு, கண்ணை மூடியிருந்தார். லெப்பை என் தோளைத் தொட்டார். நான் சுற்றினேன். வயல்காரர்கள் வந்து கைகூப்பினார்கள். சுடலைமுத்து கண்ணைத் திறந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை. விரலால் போ என்று காட்டினார். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வேகம் மாறாமல் சுற்றி முடித்தது பெரிய காரியம்.

முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, வயல்காரர்கள் கும்பிடுவதைக் காமிராவைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தனியாகவும் எடுத்தோம். முன்வரிசையில் பண்ணையாரின் மைத்துனர் நின்றார்.

முதல் ஆட்டம் அந்த ஊரிலேயே அறுப்பு முடிந்த வயலில் நடந்தது. முன்னால் வயல்காரர்கள். கூலிக்காரத் தெரு ஜனங்களைத் திரைக்குப் பின்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். ஈரத்துணித் திரை என்பதால் பின்னாலிருந்தும் படம் தெரியும், இடம் வலமாக மாறித் தெரியும். சொந்த ஊர் வாய்க்காலும் மாடும் திரையில் வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே ஆரவாரம். பிறகு நாற்காலிக் காட்சி வந்தது. முன்பக்கம் அடங்கிப்போயிற்று. பின்பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

எடுக்கும்போது அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். திரையில் விளையாட்டு தெரியாது, நடந்தது மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த வயல்காரர்களைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். சந்தையில் கண்டால் கைகூப்பிக் காட்டினார்கள். பண்ணையார் அந்த நாற்காலியைக் களத்தில் போட்டுக் கொளுத்தினார் என்று செய்தி வந்தது. சுடலைமுத்து அதைக் கேட்டுவிட்டு, "நல்ல தேக்கு" என்று மட்டும் சொன்னார்.

பண்ணையார் லெப்பையைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"அந்தத் துண்ட வெட்டி எங்கிட்டத் தாரும்" என்றார் பண்ணையார்.

"ஊர் பூரா ஒத்துக்கிட்டு எடுத்த படம். நீங்கதான அண்ணாச்சி நாக்காலி தந்தீங்க?"

"தந்தது வேடிக்கைக்குவே. என் மச்சினன் அவனக் கும்பிடுததத் திருநவேலி பூராக் காட்டவா தந்தேன்?"

லெப்பை கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வெட்டினா கதை இல்ல. நான் வெட்டமாட்டேன்."

அன்றோடு அந்த ஊரில் சுடலைமுத்துவுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அவர் மனைவி பேச்சிக்கும் நடவுக்குக் கூப்பிடுவார் இல்லை. நாங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள். பேச்சி இடுப்பில் கைக்குழந்தை.

"வெட்டிக் குடுத்துருங்க, மொதலாளி" என்றாள் பேச்சி. "படத்துல இவரு சாஞ்சு உட்கார்ந்தா எம்பிள்ள பசி ஆறுமா?"

"வெட்டாதீங்க" என்றார் சுடலைமுத்து. "வெட்டினா மட்டும் திரும்ப வேலைக்குக் கூப்புடுவாகளா? ஒரு நாளும் கூப்புட மாட்டாக. அது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்."

"உமக்கு மண்டைக்குக் கிறுக்கு ஏறிட்டு."

"ஆமா ஏறிட்டு. இப்பம் என்ன செய்யச் சொல்லுத?"

லெப்பை குழந்தையைப் பார்த்தார். "என்னோட வந்துருங்க. திரைக்குப் பக்கத்துல நின்னு கதை சொல்ல எனக்கு ஆள் வேணும்" என்றார். எங்களிடம் ஏற்கெனவே இருந்த கதைசொல்லிக்குக் கூடார வாசலில் வேலை கொடுத்தார். அப்படித்தான் சுடலைமுத்து எங்கள் ஆளானார்.

திருநெல்வேலி டவுணில் ஆற்றுப் பக்கம் கூடாரம் போட்டோம். நல்ல கூட்டம் வந்தது. அல்வாக் கடைக்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். சுடலைமுத்து பேசாமல் ஓடுகிற படத்துக்கு நெல்லை மொழியில் பேச்சுக் கொடுத்தார். மாடு பேசியது, வாய்க்கால் பேசியது. லெப்பை இரண்டாவது படத்துக்கு யோசிக்கத் தொடங்கியிருந்தார். அப்போது ஒரு அதிகாரியிடமிருந்து ஆள் வந்தான். கலகம் வரும் என்று படம் எடுத்த ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த நாற்காலிக் காட்சியை வெட்டாவிட்டால் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. டவுணில் மட்டுமல்ல, ஜில்லாவிலேயே இல்லை.

கூடாரத்தை நம்பி எங்களில் பல குடும்பங்கள் இருந்தன. லெப்பை எங்களில் யாரையும் கேட்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை நான் எடுத்தேன். "உம்ம கையில வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டார். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நாற்காலி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து விரலால் தள்ளினார். தொடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு, முடிகிற இடத்தில் ஒரு வெட்டு. ஒட்டுகிற இடத்தில் சுருளின் மேலுள்ள படப்பூச்சை நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டு, ஒட்டு மருந்து வைத்து, ஊதி ஊதிக் காயவைத்தார். நான் ஒட்டியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. வெட்டிய துண்டைச் சுற்றி, ஒரு வெற்றிலைப் பெட்டியில் போட்டுச் சுடலைமுத்துவிடம் கொடுத்தார். சுடலைமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெட்டச் சொன்னது சுடலைமுத்து வருகிற காட்சியைத்தான். வயல்காரர்கள் தனியாகக் கைகூப்புகிற துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கதை கொஞ்சமாவது விளங்கட்டும் என்று லெப்பை அதை விட்டுவைத்தார்.

அன்று சாயந்தரம் முன்வரிசை நாற்காலியில் பண்ணையார் வந்து உட்கார்ந்திருந்தார். சொன்னபடி வெட்டியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார். கூடவே அவர் மைத்துனர். நான் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மடை வந்தது, காய்ந்த பயிர் வந்தது. நாற்காலி வரவேண்டிய இடத்தில் நேரே அந்தக் கும்பிடு வந்தது. வயல்காரர்கள் எல்லோரும் திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். எடுத்த அன்று நாற்காலி அந்தப் பக்கம் இருந்தது. இன்று அந்தப் பக்கம், திரைக்கு வெளியே, கம்போடு சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. கதைசொல்லி நிற்கிற இடம் எப்போதும் அதுதான். ஆனால் கூட்டம் அதை முதலில் பார்த்துவிட்டது. யாரோ கைதட்டினார்கள். பிறகு கூடாரமே தட்டியது. சுடலைமுத்து திரும்பித் திரையைப் பார்த்தார். ஆளுயரத்துக்கு மேலாக நிற்கிறவர்கள் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்தார். அவர் எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, நின்றுகொண்டுதானே இருந்தார். அந்தத் துண்டு முடிகிறவரை அப்படியே நின்றார்.

பண்ணையார் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போன சுடலைமுத்துவை இரண்டு பேர் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. லெப்பை புகார் கொடுத்தார். பட்டப்பகலில், அத்தனை பேர் குளிக்கிற படித்துறையில், பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மேலப்பாளையத்து நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கட்டும்போது பேச்சி ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் லெப்பையை ரொம்ப வருத்தியது என்று நினைக்கிறேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தை அதன்பிறகு நாங்கள் ஓட்டவில்லை. கொழும்பில் லெப்பையின் சொந்தக்காரர் கடையில் சுடலைமுத்துவுக்கு ஒரு காவல் வேலை கிடைத்தது. தூத்துக்குடிக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போய்ப் படகு ஏற்றிவிட்டோம். படகுக்குக் காத்திருந்தபோது பேச்சி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுருளை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் முதல் ஆட்டத்தன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பிறகும் பார்க்க வாய்க்கவில்லை. சுருளை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் உட்கார்ந்திருக்கீரு" என்றாள்.

சுடலைமுத்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையைத் தூக்கி எங்களுக்கு விடை சொன்னார். லெப்பையும் கையைத் தூக்கினார். பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் சரியாக இல்லை. கடை கைமாறியது என்றார்கள், அவர்கள் தோட்டப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். ஜெர்மன் சண்டை தொடங்கியதும் கப்பல்கள் குறைந்தன. புதுச்சுருள் வருவது நின்றது. வந்திருந்தாலும் லெப்பை இன்னொரு படம் எடுத்திருப்பாரா என்று தெரியாது.

நான் பிறகு பட்டணத்து ஸ்டூடியோக்களில் பல காலம் வேலை பார்த்தேன். ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் நிறையப் படம் பிடித்தேன். எல்லோரும் வந்தவுடன் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்று தூத்துக்குடியிலிருந்து திரும்பி வரும்போது மணியாச்சியில் இறங்கினோம். அங்கே வண்டி மாறக் காத்திருந்தபோது லெப்பை சொன்னார்.

"இனிமே வெளிநாட்டுப் படம் போதும் வே. அதுல எவன் எவனக் கும்பிட்டாலும் நம்ம ஊர்ல யாருக்கும் வலிக்காது."

நான் சரி என்றேன். அந்த வாரமே பாபநாசத்தில் கூடாரம் போட்டோம். திரையில் துரை குதிரையிலிருந்து விழுந்தான். ஜனங்கள் சிரித்தார்கள். முன்னால் ஒருவர் திரும்பி, நான் நிற்கிற பக்கம் பார்த்து, "நம்ம ஆளு எப்பம்வே வருவான்?" என்று கத்தினார். லெப்பை என் பக்கத்தில்தான் நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நான் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.